ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பை எழுதியவர் தந்தை அல்லர்

மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளிடமிருந்து தப்ப ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு பால்பாயிண்ட் பேனாவால் எழுதப்பட்டிருப்பதாகவும், அந்தப் பேனா போருக்குப் பின்னரே புழக்கத்துக்கு வந்ததால் அதை எழுதியவர் தந்தை ஓட்டோ ஃபிராங்கே என்றும் அது கூறுகிறது. இது தவறு.

பால்பாயிண்ட் எழுத்து இருப்பது இரண்டு தனித் தாள்களில் மட்டுமே. அவை போருக்குப் பிறகு கையெழுத்தை ஆராய்ந்தபோது இடையில் சேர்ந்தவை. நெதர்லாந்துத் தடயவியல் ஆய்வகம் தாள், மை, பசை, கையெழுத்து அனைத்தையும் சோதித்து, எழுதியவர் ஆனே என உறுதி செய்தது. அந்நாட்டுப் போர் ஆவண நிறுவனம் 1986இல் வெளியிட்ட ஆய்வுப் பதிப்பில் அந்த முடிவுகள் உள்ளன. ஆம்ஸ்டர்டாமிலுள்ள ஆன் ஃபிராங்க் இல்லத்தின் இணையதளத்திலும் இந்த விளக்கத்தைப் படிக்கலாம்.

1947இல் வெளியான முதல் பதிப்புக்காக ஓட்டோ சில பகுதிகளை நீக்கியதும், மகள் முதலில் எழுதியது, பின்னர் அவளே திருத்தி எழுதியது என்ற இரு வடிவங்களை இணைத்ததும் உண்மையே. ஆனால் தொகுப்பது வேறு, புனைவது வேறு. தந்தையை ‘பிம்’ என்று செல்லமாக அழைத்த அந்தப் பெண், 1944 மே மாதத்தில் பெற்றோரைச் சாடி அவருக்கே ஒரு கடிதம் எழுதி, அவர் மனம் நொந்ததைக் கண்டு வெட்கியதையும் குறித்து வைத்திருக்கிறாள். தந்தையே கற்பனையாக எழுதியிருந்தால் தம்மை இவ்வளவு புண்படுத்தும் பக்கத்தை எதற்காகச் சேர்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. இது சான்று அன்று, சான்று மேலே உள்ளது.

இச்செய்தி வந்தால் தயவுசெய்து மேலும் பகிராமல், அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தை அனுப்புங்கள்.