ஸ்காட்லாந்து நோட்டு தனி நாணயம் அல்ல

ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் 10 பவுண்டு நோட்டைப் படம் போட்டு, "ஸ்காட்லாந்துக்கு இப்போதே தனி நாணயம் உண்டு, பிரிந்தாலும் பணச்சிக்கல் வராது" என்று மேலே எழுதியிருக்கிறார்கள். பலர் பகிர்ந்திருப்பதால் சொல்கிறேன்: அது பிரிட்டனின் அதே பவுண்டுதான்.

இந்த நோட்டுகளை வெளியிடுபவை மூன்று வணிக வங்கிகள். வெளியிடும் தொகை முழுவதற்கும் ஈடாக, பிரிட்டனின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் நோட்டு, அங்குள்ள வைப்புத்தொகை போன்றவற்றை அவை ஒதுக்கி வைத்தாக வேண்டும். 2009ஆம் ஆண்டு வங்கிச் சட்டத்தின் விதி அது. இதற்கென்றே 10 லட்சம், 10 கோடி பவுண்டு மதிப்பில் நோட்டுகள் உண்டு, அவை கடைத்தெருவுக்கு வருவதே இல்லை. வட்டி விகிதமும் லண்டனில்தான் முடிவாகிறது. தனி நாணயம் இருந்திருந்தால், பிரிட்டனிலிருந்து பிரிவதா என்று ஸ்காட்லாந்தில் நடந்த 2014 வாக்கெடுப்பின்போது 'எந்தப் பணம்' என்ற கேள்வி அவ்வளவு பெரிதாக எழுந்திருக்காது. பிரிவது சரியா தவறா என்பது வேறு விவாதம், அதற்குள் நான் போகவில்லை.

நீங்களே பார்க்கலாம். அந்தப் படத்தைப் பெரிதாக்குங்கள்: கேட்டவுடன் 'டென் பவுண்ட்ஸ் ஸ்டெர்லிங்' தருவதாக நோட்டிலேயே எழுதியிருக்கும். ஸ்டெர்லிங் என்பது பிரிட்டன் பவுண்டின் பெயர். அப்புறம், பேங்க் ஆஃப் இங்கிலாந்து இணையதளத்தில் ஸ்காட்லாந்து நோட்டுகளைப் பற்றித் தனிப் பக்கமே இருக்கிறது. ஈட்டு விதிகளை அங்கே படிக்கலாம்.