ஆண்டின் சிறந்த வீரர்: ஓட்டு யார் கையில்?

அகில இந்திய கால்பந்து சம்மேளனம் ஆண்டின் சிறந்த வீரரை அறிவித்ததும் "அவனுக்கு ஏன் கொடுத்தாங்க, இவனுக்கு ஏன் கொடுக்கலை" என்று சண்டை கிளம்பிவிடும். தேர்ந்தெடுத்தது யார் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. பாதி விடை அங்கேதான் இருக்கு.

1992ல் தொடங்கிய விருது இது. சுனில் சேத்ரி மட்டும் 7 முறை வாங்கியிருக்கிறார். 2019-20ல் கோல்கீப்பர் குர்ப்ரீத் சிங்குக்குக் கொடுத்தது ஐஎஸ்எல், ஐ-லீக் என்ற இரண்டு லீக்குகளின் கிளப் பயிற்சியாளர்கள் போட்ட ஓட்டு. 2021-22ல் சேத்ரி பெயரைச் சொன்னது தேசிய அணிப் பயிற்சியாளர் ஸ்டிமாச். மகளிரில் மனிஷா கல்யாண் பெயரைச் சொன்னது மகளிர் தேசிய அணிப் பயிற்சியாளர் டென்னர்பி. பெயர்தான் ஒன்று, என் கணக்கில் கிளப் பயிற்சியாளர்கள் ஓட்டில் வருவதும் தேசியப் பயிற்சியாளர் சொல்லி வருவதும் இரண்டு வேறு விருதுகள். கிளப் பயிற்சியாளர் எதிரணி ஆட்டக்காரனை மடக்க வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பவர். யார் தொல்லை கொடுத்தான் என்று அவருக்குத் தெரியும். தேசியப் பயிற்சியாளர் நெருக்கமாகப் பார்ப்பது தன் முகாமுக்கு வந்தவர்களை. முகாமுக்கே கூப்பிடாத ஒருவனைச் சிறந்த வீரன் என்று அவரால் சொல்லிவிட முடியுமா? (சேத்ரிக்குத் தகுதி இல்லை என்று சொல்வதாகக் கிளம்பாதீர்கள். பேச்சு முறையைப் பற்றி.)

ஆட்டக்காரர்களே ஓட்டுப் போடட்டும் என்பவர்கள் இங்கிலாந்தைப் பார்க்கணும். அங்கே தொழில்முறை வீரர் சங்கம் 1974 முதல் அப்படித்தான் கொடுக்கிறது. சொந்த அணிக்காரனுக்குப் போடக் கூடாது. நல்ல விதி. ஆனால் சீசன் முடியும் முன்பே ஓட்டுச் சீட்டை வாங்கிவிடுவது பழைய வழக்கம். 1999ல் மான்செஸ்டர் யுனைடெட் 3 கோப்பை வென்றது, விருது 11ஆம் இடத்தில் முடித்த டாட்டன்ஹாமின் ஜினோலாவுக்கு. விழா ஏப்ரலில், சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டமோ மே 26ல். போதாக்குறைக்கு கீன், பெக்காம், யார்க், ஸ்டாம் என்று ஒரே அணிக்குள் ஓட்டு சிதற வாய்ப்பு. 2009ல் மான்செஸ்டர் யுனைடெட்டின் மூத்த வீரர் கிக்ஸ் வாங்கும்போது அந்த லீக் சீசனில் ஆரம்பப் பதினொன்றில் இறங்கியதே 12 ஆட்டம். அது வாழ்நாள் சாதனைக்கான மரியாதை, வேறென்ன!

கோல்கீப்பர் பாடு இன்னும் மோசம். 1976ல் ஜென்னிங்ஸ், 1978ல் ஷில்டன், அதற்குப் பிறகு அங்கே யாருமில்லை. ஷ்மைக்கேலுக்கும் இல்லை, பெட்ர் செக்குக்கும் இல்லை. இந்த விஷயத்தில் சுப்ரதா பாலுக்கும் (2009) குர்ப்ரீத்துக்கும் கொடுத்த நாம் தேவலை.

நம்மிடம் இதைச் சரிசெய்வது பெரிய வேலை இல்லை. கிளப்புக்கு 2 ஓட்டு: கேப்டன் ஒன்று, பயிற்சியாளர் ஒன்று. ஒவ்வொருவரும் 3 பெயர் எழுதணும், புள்ளி 5, 3, 1. சொந்த கிளப் பெயர் இருந்தால் சீட்டு செல்லாது. லீக்கில் பாதி நிமிடங்களாவது ஆடாதவர் பட்டியலிலேயே வரக் கூடாது. கடைசி ஆட்டம் முடிந்த பிறகே சீட்டு போகணும். போட்டியாளனை வேண்டுமென்றே விட்டுவிடுவது அப்போதும் நடக்கும். அதற்கு மருந்து, யார் யாருக்குப் போட்டார்கள் என்பதை ஃபிஃபா தன் விருதுக்குச் செய்வது போல வெளியிடுவதுதான். பெயர் வெளியே வரும் என்றால் கை கொஞ்சம் கூசும்.

மகளிர் லீக்குக்கும் இதே விதிதான், ஒரு எழுத்து மாறக் கூடாது. 2023-24ல் சிறந்த வீராங்கனை விருது வாங்கிய நம்ம கடலூர் இந்துமதி கதிரேசன் நடுக்கள ஆட்டக்காரர். அந்த இடத்தில் ஆடுபவரின் உழைப்பு கோல் பட்டியலில் தெரியாது, எதிரே நின்று ஆடிய கேப்டனுக்குத் தெரியும்.