ஊர் சுற்றத்தான் போனார்கள், அதனால் என்ன?

அந்த வீடியோவை இதற்கு மேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். ஐந்து தடவை பார்த்துவிட்டேன். மேடையில் சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து, "நம்ம பிள்ளைங்க நாலு பேரு ராஞ்சி வரைக்கும் போயி ஊர் சுத்திப் பாத்துட்டு வந்திருக்காங்க, அந்த நேரத்துல நாலு பாடம் படிச்சிருக்கலாம்" என்கிறார். கூட்டம் சிரிக்கிறது, கைதட்டுகிறது. கேமரா ஒரு நொடி அந்த நாலு பேர் பக்கம் திரும்புகிறது. பாராட்டப் போகிறார்கள் என்று நம்பி, மாநில ஹாக்கி அணியின் டிராக் சூட்டைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கோவில்பட்டிப் பிள்ளைகள், ஜார்கண்ட் தலைநகர் ராஞ்சிக்கு ஹாக்கி ஆடப் போய் வந்தவர்கள். அதில் ஒருத்தி குனிந்து தன் ஷூ லேஸைப் பார்க்கிறாள். அந்த ஒரு நொடிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆமாம், ஊர் சுற்றினார்கள். ஊர் சுற்றத்தான் அனுப்பினோம். விளையாட்டு ஒரு பிள்ளைக்குக் கொடுப்பதில் பாதி அந்த ஊர் சுற்றல்தான்.

தோற்றுவிட்டார்கள், அதுவும் ஏழு கோல் வித்தியாசத்தில் என்று கமெண்டில் ஒருவர் எழுதியிருந்தார். தோற்றது ஜார்கண்டிடம். இந்தியப் பெண்கள் ஹாக்கி அணிக்கு 2024-ல் தலைமை ஏற்ற சலிமா டெடே அந்த மாநிலத்தின் சிம்டேகா மாவட்டத்துப் பெண். மூங்கிலை வெட்டி மட்டையாக்கிப் பிள்ளைகள் ஆடிப் பழகும் ஊர்கள் அங்கே உண்டு. அவர்களிடம் தோற்பதில் என்ன கேவலம் இருக்கிறது? ஹாக்கி தெரிந்த கோவில்பட்டிக்காரர்களே இதைக் கேட்பதுதான் எனக்கு வலிக்கிறது. நம் ஊர் மாரீஸ்வரன் 2022-ல் ஆசியக் கோப்பை ஆடியபோது போஸ்டர் ஒட்டிய அதே ஊர் இது.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா கபடியில் தங்கம் வாங்கினாள். எல்லோரும் அவள் படத்தை வைத்தீர்கள். நானும் வைத்தேன், அழுதேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண் இறுதிப் போட்டியில் தோற்று வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அவளையும் "ஊர் சுற்றிவிட்டு வந்தவள்" என்றிருப்பீர்களா? கண்ணகி நகரிலிருந்து ஒரு பிள்ளை விமானம் ஏறி, வேறொரு நாட்டில் இறங்கி, அங்கே மற்ற நாட்டுப் பிள்ளைகளோடு தங்கிச் சாப்பிட்டுத் திரும்பியது, பதக்கம் இல்லாவிட்டாலும் அவளுக்குள் இருந்திருக்கும். அதைக் கழற்றி வாங்க யாராலும் முடியாது.

சரி, என் கதையைச் சொல்கிறேன். பழைய நண்பர்களுக்குத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1998 டிசம்பர். எனக்குப் பதினாறு வயது. அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய காசில் எனக்குக் கேன்வாஸ் ஷூ வாங்கித் தந்திருந்தாள். அதுவரை நான் போன தூரம் என்றால் திருச்செந்தூர். ஹாக்கிப் போட்டிக்காகப் போபால் போக வேண்டும் என்றார் பி.டி. டீச்சர். ரயில்வே சலுகைப் படிவம் வாங்க அவர் அலைந்த அலைச்சல் தனிக் கதை. (2020 மார்ச்சில் கோவிட் சமயத்தில் நிறுத்தப்பட்ட சலுகைகளில் விளையாட்டுப் பிள்ளைகளுக்கானதும் ஒன்று. அதைப் பற்றி ஒருவரும் வீடியோ போடவில்லை.) சென்னையில் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறினோம். ஒரு ராத்திரி, ஒரு பகல். விஜயவாடாவுக்குச் சற்று முன்னால் கிருஷ்ணா ஆற்றுப் பாலத்தில் ரயில் போய்க்கொண்டே இருந்தது. கரிசல் காட்டில் பிறந்தவள் நான். ஒரு ஆற்றில் அத்தனை தண்ணீர் இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். நாக்பூரில் கூடை ஆரஞ்சு ஏறியது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் டீ விற்கிறவர் குரல் மாறிக்கொண்டே வந்தது. புவியியல் புத்தகத்தில் கோடாக இருந்த இந்தியா அந்த ஜன்னலில் ஓடியது.

போபாலில் ஒரு பள்ளி வகுப்பறையில் தங்க வைத்தார்கள். குளிரில் தரையில் படுக்க முடியவில்லை. எங்களுக்குப் பக்கத்து அறை பீகார் அணி. அப்போது ஜார்கண்ட் பிரியவில்லை. சிம்டேகா பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர். "இந்திக்காரர்கள்" என்று நாங்கள் ஒதுங்கியே இருந்தோம். இரண்டாம் நாள் ராத்திரி, ஒரு பெண் எங்கள் அறைக்கு வந்து போர்வை ஒன்றைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் கடலைமிட்டாய் எடுத்துக் கொடுத்தேன். பேச மொழி இல்லை. அவள் கையைக் காட்டி, காலைக் காட்டி அவள் வீட்டு மொழியில் சொல்ல, நாங்கள் தமிழில் சொல்ல, விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தது. பல்லைத் தொட்டேன். அவள் "பல்" என்றாள்.

நாங்கள் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். கண்ணைத் தொட்டால், தொண்டையைச் செருமுவது போல "ஃகன்" என்றாள். என்னைக் காட்டி "நீன்" என்றாள். தன்னைக் காட்டி "ஏன்" என்றாள். நீயும் நானும்! எனக்கு மயிர் கூச்செறிந்தது. அவள் ஒராவோன் பெண், அவள் பேசியது குடுக் மொழி, அது நம் திராவிடக் குடும்பத்து மொழி என்பதெல்லாம் பத்து வருடம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த ராத்திரி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். 'அவர்கள்' என்று நான் நினைத்து வைத்திருந்த இடத்தில் என் மொழியின் சத்தம் இருந்தது.

மறுநாள் அவர்கள் அணி எங்களை அடித்து நொறுக்கியது. அவள்தான் மூன்று கோல் போட்டாள். ஆட்டம் முடிந்து வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

இதை எந்த வகுப்பில் சொல்லிக் கொடுப்பீர்கள்?

"குடும்பத்தோடு காசி, ராமேஸ்வரம் என்று டூர் கூட்டிப் போனால் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு: போதாது. டூர் போகும்போது நம் அரிசி, நம் சமையல்காரர், நம் ஆட்கள் நம்மோடு வருகிறார்கள். நாம் பஸ் ஜன்னலிலிருந்து அடுத்தவரைப் பார்க்கிறோம். விளையாடப் போகும்போது அடுத்தவர் போடும் ரொட்டியைத் தின்ன வேண்டும், அடுத்தவர் வைத்த நேரத்தில் எழ வேண்டும், அவரோடு மோத வேண்டும், தோற்றால் கை குலுக்க வேண்டும். தோற்று, அழுது, அதே ஆளோடு ஒரே பந்தியில் சாப்பிடுகிற பழக்கம் ஒருவருக்கு வந்துவிட்டால் அவருக்கு யாரும் அந்நியர் இல்லை.

"பத்தாம் வகுப்பு, மார்க் போய்விடும்" என்பது அடுத்தது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது என்று நான் பதில் சொல்லலாம். வேலைக்காகத்தான் ஆடுகிறார்கள் என்று ஆகிவிடும், அதனால் அதை விடுகிறேன். பத்து நாள் பாடத்தை ஒரு மாதத்தில் பிடித்துவிடலாம். பதினாறு வயதில் விட்ட ராஞ்சியை நாற்பத்து நான்கில் பிடிக்க முடியாது.

கனமான கேள்வி ஒன்று இருக்கிறது, அதைத் தள்ள மாட்டேன். பெண் பிள்ளைகளின் பாதுகாப்பு. 2025 ஜனவரியில் பஞ்சாபில் பட்டிண்டாவில் பல்கலைக்கழகக் கபடி ஆடப்போன நம் பெண்கள், ஃபவுல் பற்றி எழுந்த தகராறில் தாக்கப்பட்டார்கள். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. பெற்றவர்கள் பயப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. கூட ஒரு பெண் ஆசிரியர் வேண்டும், முன்பதிவு செய்த பெட்டி வேண்டும், பூட்டுகிற கதவு வேண்டும். கேளுங்கள், சண்டை போட்டுக் கேளுங்கள், நானும் வருகிறேன். ஆனால் அந்தச் சம்பவத்தை எடுத்து "அதனால்தான் அனுப்பக் கூடாது" என்று முடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அடித்தவனை விட்டுவிட்டு, அடிபட்டவளை வீட்டில் பூட்டுகிறீர்கள்.

ஏனென்றால் என்னையும் அப்படித்தான் பூட்டினார்கள். போபாலிலிருந்து திரும்பி வந்து, நான் பார்த்ததையெல்லாம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியப்பா வந்தார். "பொட்டப்புள்ள பத்து நாளு வெளிய தங்கி ஊர் சுத்திட்டு வருது, நீயும் உக்காந்து கதை கேக்குற" என்றார். அதே சொல். ஊர் சுத்துறது. அடுத்த மாதக் கேம்புக்கு என்னை அனுப்பவில்லை. டீச்சர் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள், ஒன்றும் பேசவில்லை. என் மட்டை பரண் மேல் போனது. இருபத்தேழு வருடம் கழித்து மைக்கில் அதே சொல்லைக் கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்? "சும்மா தமாஷுக்குச் சொன்னார், பெரிதாக்காதீர்கள்" என்று இன்பாக்ஸில் சொன்ன அண்ணன்மார்களே, அந்தத் தமாஷ் ஒரு வீட்டில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

இன்றைக்கு நம் ஊர்க் கட்டட வேலைக்கும் ஓட்டலுக்கும் ஜார்கண்டிலிருந்து பையன்கள் வருகிறார்கள். "வடக்கன்" என்று ஒரே சொல்லில் அத்தனை பேரையும் மூட்டை கட்டுகிறோம். எங்கள் தெருவில் வீடு கட்டும் இடத்தில் ஒரு பையனிடம் நான் ஊர் கேட்டேன். கும்லா என்றான். "நீன் குடுக்?" என்று கேட்டேன். கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எனக்குக் கொடுத்தது போபால். ஊர் சுற்றாதவர்கள்தான் அந்தச் சொல்லை அவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள் என்று நான் நம்புகிறேன். யார் வேண்டுமானாலும் கோபித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சிறப்பு விருந்தினர் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. நான் கேட்டேன். மறுநாள் சாயங்காலம், லேஸைப் பார்த்துக் குனிந்தவளை மைதானத்தில் பிடித்து உட்கார வைத்தேன். இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் பேசினாள். "அக்கா, அங்க ஸ்டேடியத்துக்கு ஜெய்பால் சிங்னு பேரு வச்சிருக்காங்க, அவரு யாரு?" என்றாள். 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா முதல் ஹாக்கித் தங்கம் வாங்கியபோது கேப்டன், முண்டா ஆதிவாசி, பின்னால் அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசிகளுக்காகப் பேசியவர் என்று சொன்னேன். "ஏங்க்கா, நம்ம புத்தகத்துல அவரு இல்ல?" என்றாள். நாலு பாடம் படித்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்குமா?

ராஞ்சி போகும் முன் அவளுக்கு 'ஏன்', 'நீன்' இரண்டையும் சொல்லி அனுப்பியிருந்தேன். ஜார்கண்ட் கோல்கீப்பரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் நம்பரைத் தன் போனில் "நீன்" என்று சேமித்து வைத்திருக்கிறாள். காட்டினாள்.

கிளம்பும்போதுதான் சொன்னாள். அந்த வீடியோ அவள் அப்பா வேலை பார்க்கும் இடம் வரைக்கும் போயிருக்கிறது. எல்லோரும் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அடுத்த மாதக் கேம்புக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டுக்குப் போகிறேன். பி.டி. டீச்சரும் வருகிறார். ஊரில் இருக்கிற பழைய ஆட்டக்காரிகள், கல்யாணத்தோடு மட்டையை வைத்தவர்கள் யாராக இருந்தாலும், வர முடிந்தால் ஒன்பது மணிக்குப் பழைய பேருந்து நிலையத்தில் நில்லுங்கள். அந்த அப்பாவிடம் நான் ஒருத்தி பேசினால் போதாது.