2050 இருக்கட்டும், 2030க்கு எவ்வளவுன்னு சொல்லுங்க

எந்த கம்பெனியோட சஸ்டெயினபிலிட்டி ரிப்போர்ட்டை எடுத்தாலும் "2050ல நெட் ஜீரோ"ன்னு (காத்துல விடுற கார்பனும் திரும்ப எடுக்கிறதும் சமமாகிடும்னு அர்த்தம்) பெருசா போட்டிருக்காங்க, நான் அதை விட்டுட்டு தேடுறது 2030க்கு எவ்வளவு குறைப்பாங்க, எந்த வருஷ அளவுல இருந்து குறைப்பாங்கன்னுதான். அது இல்லேன்னா மனசு ஒப்பமாட்டேங்குது. இன்னைக்கு கையெழுத்து போடுறவங்கள்ல எத்தனை பேர் 2050ல அந்த பதவில இருந்து பதில் சொல்லப்போறாங்க?

நமக்கு எவ்வளவு முடியும்னு பாத்து டார்கெட் வைக்கிறதே தப்புங்க, பூமிக்கு இன்னும் எவ்வளவு தாங்கும்னு பாத்துதான் வைக்கணும். பூமி சூடாகுறது 1.5 டிகிரிக்குள்ள நிக்க பாதிக்குப் பாதி வாய்ப்பாவது வேணும்னா 2020ல இருந்து உலகமே சேர்ந்து விடக்கூடிய கார்பன் டை ஆக்சைடு சுமார் 50,000 கோடி டன்தான்னு ஐ.நா.வோட பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி சொல்லுது, நாம வருஷத்துக்கு விடுறதோ 4,000 கோடி டன்னை ஒட்டி. வகுத்துப் பாருங்க, எத்தனை வருஷம் வருதுன்னு.

கம்பெனிகளோட டார்கெட் அறிவியலுக்கு ஒத்துப்போகுதான்னு பாக்குற, 2015ல ஆரம்பிச்ச எஸ்பிடிஐ அமைப்பு இந்த 1.5 டிகிரியை வச்சுதான் கம்பெனியோட சொந்த எமிஷனுக்கும் (வெளியே விடுற வாயு) வாங்குற கரண்டுக்கும் வருஷம் குறைஞ்சது 4.2 சதவீதம் குறைக்கணும்னு கணக்கு போட்டுச்சு, கார்பன் கிரெடிட் (வேற எங்கயோ யாரோ குறைச்சதுக்கான சீட்டு) வாங்கி அதை ஈடுகட்டவும் முடியாது. அது எனக்கு ரொம்ப சரின்னு படுது.

ஆனா நிஜமான சண்டை ஸ்கோப் 3லதான், அதாவது கம்பெனிக்கு வெளிய அதோட தொழிலால வர்ற எமிஷன்ல. சப்ளையர், லாரி, வித்த பொருளை மக்கள் ஓட்டுறது எரிக்கிறது எல்லாம் அதுலதான் வரும், நிறைய கம்பெனிக்கு எமிஷன்ல பெரும்பங்கே அதுதான், அதை விட்டுட்டு ஆபீஸ் லைட்டை மாத்தினோம்னு ரிப்போர்ட் போடுறது முழு பூசணிக்காயை சோத்துல மறைக்கிற வேலை. 2024 ஏப்ரல்ல எஸ்பிடிஐ போர்டே ஸ்கோப் 3க்கு நிஜமா குறைக்கிறதுக்குப் பதிலா கார்பன் கிரெடிட் மாதிரி சர்டிபிகேட் வாங்கி காட்ட இடம் கொடுக்கிற மாதிரி அறிக்கை விட்டப்போ, அங்க வேலை பாக்குறவங்களே வெளிப்படையா எதிர்த்தாங்க. அவங்க பக்கம்தான் நான்.

இன்னொன்னு, "ஒரு டன் பொருளுக்கு 30 சதவீதம் குறைச்சோம்"னு போட்டிருந்தா மொத்தம் எவ்வளவுன்னு கண்டிப்பா கேளுங்க. உற்பத்தி ரெண்டு மடங்கானா மொத்த எமிஷன் 40 சதவீதம் ஏறியிருக்கும், மேல போய் சேர்றது அந்த மொத்தம்தான்.