ஆனிக்ஸுக்கு ஷாக் அடிக்குமா?

வீடியோ கேமை வெச்சு எடுக்கிற கார்ட்டூன் எல்லாமே பொம்மை விக்கிற விளம்பரம்தான்னு சொல்றவங்களோட நான் பாதி ஒத்துப்போறேன். மீதிப் பாதிக்குச் சண்டை போடணும்னா போகிமானைத்தான் இழுப்பேன். போகிமான்னு பேர் வெச்ச விசித்திர ஜந்துக்களைப் பிடிச்சுப் பழக்கி, ஒண்ணோட ஒண்ணு மோதவிடுற கேம் அது.

கேம் 1996 பிப்ரவரியில ஜப்பான்ல வந்தது, கேம் பாய்ங்கிற கையடக்க கேம் மெஷின்ல விளையாடுறது. அதை உருவாக்கின சடோஷி தஜிரி சின்ன வயசுல பூச்சி பிடிச்சுத் திரிஞ்சவர். அதனால கேமோட உயிரே பிடிக்கிறதும் சேக்கிறதும்தான். தோத்துட்டா கையில இருக்கிற காசுல பாதி போகும், போகிமான்களுக்கு வைத்தியம் பாக்கிற போகிமான் சென்டர்ல முழிச்சுக்கிட்டு மறுபடி மோதலாம். அவ்ளோதான். தோல்விக்கு அங்க ஒரு அர்த்தமும் கிடையாது.

1997 ஏப்ரல்ல டிவி டோக்கியோவில தொடர் ஆரம்பிச்சப்போ எழுதினவங்க கை வெச்சது இந்த இடத்துலதான். முதல் எபிசோட்லயே, முதல் போகிமானை வாங்கப் போக வேண்டிய ஹீரோ பையன் ஆஷ் தூங்கித் தொலைச்சு லேட்டா ஓடுறான். கேம்ல நாம ஆசையா ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிற அந்த மூணு போகிமானும் காலி. மிஞ்சினது சொன்ன பேச்சு கேக்காத ஒரு பிகாச்சு, ஷாக் அடிக்கிற மஞ்சள் எலி.

அஞ்சாவது எபிசோடைப் பாருங்க. ஆஷ் பேட்ஜ் வாங்க ஜெயிக்க வேண்டிய ஜிம் லீடர் ப்ரோக். அவனோட ஆனிக்ஸ், மலைப்பாம்பைவிடப் பெரிய ஒரு கல் பாம்பு. கேம் விதிப்படி மின்சாரம் அதுமேல துளிகூட ஏறாது. ஆனா இங்க சண்டைல தீப்பொறி பட்டு, கூரையில இருக்கிற ஸ்ப்ரிங்க்ளர் திறந்து, ஆனிக்ஸ் நனைஞ்சு துவண்டுடுது. பிகாச்சு இன்னொரு ஷாக் அடிச்சா ஜெயிச்சாச்சு. அந்த நேரம் பார்த்து ப்ரோக்கோட தம்பி தங்கச்சிங்க ஓடி வந்து ஆஷைக் கட்டிப் பிடிச்சுத் தடுக்கிறாங்க. ஸ்ப்ரிங்க்ளர் தயவுல கிடைச்ச வெற்றி எனக்கு வேணாம்னு பையன் கிளம்பிடுறான். ப்ரோக் பின்னாடியே வந்து பேட்ஜைக் கொடுக்கிறான். கேம் ரசிகர்கள் இன்னிக்கும் "ஆனிக்ஸுக்கு எப்படி ஷாக் அடிக்கும்?"னு கணக்குக் கேக்கிறாங்க. எனக்கு அந்தத் தப்புக்கணக்குதான் பிடிச்சிருக்கு. சரியான கணக்குப் போட்டிருந்தா அந்த எபிசோடே கிடையாது.

எல்லாத்தையும் பிடின்னு சொல்ற கேம்லேருந்து வந்த தொடர்ல, குழந்தைங்க தேம்பித் தேம்பி அழுத எபிசோட் எது தெரியுமா? பட்டர்ஃப்ரீங்கிற பட்டாம்பூச்சி போகிமானை ஆஷ் விட்டுட்டுப் போறது. புழுவா இருந்தப்போ அவனே பிடிச்சு வளர்த்தது. ஜோடி கிடைச்சுதுன்னு கூட்டத்தோட பறக்க விட்டுடுறான்.

பேட்ஜ் எல்லாம் சேர்த்தவங்க மோதுற பெரிய போட்டிதான் லீக். ஆஷுக்கு முதல் லீக்லயும் தோல்விதான். அவனோட சாரிசார்டே, நெருப்பு கக்குற டிராகன் மாதிரி போகிமான், பேச்சு கேக்காம மைதானத்துல படுத்துத் தூங்கிடுது. எழுதினவங்களுக்கு என்ன தைரியம்! உலக சாம்பியன் ஆக 2022 வரைக்கும் விட்டாங்க. வயசு மட்டும் அப்பவும் பத்து, அதை விடுங்க.

ஆனா விளம்பரம்னு சொல்றவங்க ஜெயிக்கிற இடமும் இருக்கு. 2010 செப்டம்பர் 18 ஜப்பான்ல பிளாக், ஒயிட்னு புது போகிமான் கேம்கள் கடைக்கு வந்துச்சு. 23-ஆம் தேதி தொடரோட புது சீசன். பழைய போகிமான் ஒண்ணும் கூட வரல, பிகாச்சு மட்டும். அதுக்கும் முதல் எபிசோட்லயே இடி விழுந்து மின்சாரம் வேலை செய்யாம, அன்னிக்குத்தான் முதல் போகிமானை வாங்கின ஒரு பொடியன்கிட்ட தோக்குது. லீக் லீக்கா மோதிப் பழகின பிகாச்சு! முன்னாடி தோத்தப்போல்லாம் ஆஷ் கதைக்காகத் தோத்தான், வலிச்சாலும் ஏத்துக்கிட்டோம். இது புது கேம் வாங்குற பிள்ளைங்களுக்கு எல்லாம் முதல்லேருந்து ஆரம்பிக்கிற மாதிரி தெரியணும்னு வெச்ச தோல்வி. அந்த சீசனை இப்பவும் என்னால முழுசா உக்காந்து பாக்க முடியல.