காரத் தண்ணீர் மரபணுவைத் தூண்டாது

"காரத் தண்ணீர் (அமிலத்துக்கு எதிர்த்தன்மை கொண்ட 'ஆல்கலைன்' தண்ணீர்) குடித்தால் சிஏ2 மரபணு விழித்து, ரத்தத்தில் உள்ள அமிலத்தைக் கழுவிவிடும்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

8ஆம் குரோமோசோமில் உள்ள இந்த மரபணுவிலிருந்து உருவாவது கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 2 என்ற நொதி. அதன் நடுவே ஒரு துத்தநாக அணு; ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் மூன்று அதைப் பிடித்திருக்கின்றன. கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் அங்கேதான் பைகார்பனேட்டாகவும் (அமிலத்தைச் சமன்செய்யும் பொருள்) ஹைட்ரஜன் அயனியாகவும் மாறுகின்றன, நொடிக்குச் சுமார் 10 லட்சம் முறை. குடித்த தண்ணீரின் காரமோ இரைப்பை அமிலத்திலேயே அடங்கிவிடும்.

ஒரு குழந்தைக்குப் பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்த மரபணுவின் பழுதான பிரதி வந்தால் நொதி குறையும். சிறுநீரகம் அமிலத்தைச் சரியாக வெளியேற்றாது. எலும்பு அடர்த்தியாக இருந்தும் எளிதில் முறியும். அந்தக் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் அளவிட்டுத் தரும் பைகார்பனேட் தேவை. பாட்டில் தண்ணீரை நம்பி அதைத் தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.