‘டெபாசிட் எம்.பி.’ என்று சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நம் நகர் நலச்சங்கக் கூட்டத்தில் நடந்த விஷயம்தான். 2024 மக்களவைத் தேர்தலில் சுயேச்சையாக நின்று டெபாசிட் இழந்த, நம் தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் அண்ணனை, மைக்கில் ‘டெபாசிட் எம்.பி.’ என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். வீடியோ எல்லார் போனுக்கும் வந்துவிட்டது, அதனால் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் சும்மா இருந்தேன். இன்று காலை பால் வாங்கப் போன இடத்தில், அதே வீடியோவுக்குச் சிரிப்புச் சத்தம் சேர்த்து யாரோ போட்டதை என்னிடமே நீட்டி “பாருக்கா, நம்ம எம்.பி.” என்றான் ஒரு பையன். அவனுக்கு இருபது வயது இருக்கும். அவன் வீட்டு மிக்சியை அண்ணன்தான் போன மாதம் காசு வாங்காமல் சரி செய்து கொடுத்தார்.

‘டெபாசிட் எம்.பி.’ என்று மைக்கில் சொன்னவர் யார் என்று எழுத மாட்டேன். அவருக்கே தெரியும், உங்களுக்கும் தெரியும். அன்று அண்ணன் மேடை ஏறியது அரசியல் பேச இல்லை. தெருக் குழாயின் போர் மோட்டார் எரிந்தபோது, இரண்டு ராத்திரி உட்கார்ந்து காயில் கட்டிக் கொடுத்து, கம்பி விலை மட்டும் கேட்டார். அந்தக் கணக்கைச் சொல்லக் கூப்பிட்டார்கள். கூப்பிடும்போது சொன்ன வார்த்தைதான் அது. நூறு பேர் சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்தார், கணக்கைப் படித்தார், இறங்கி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சாப்பிடாமல் போய்விட்டார். அது வீடியோவில் இல்லை.

ஒன்று சொல்கிறேன். அவர் நின்றார். 2024ல் புதுச்சேரி மக்களவைத் தொகுதியில் மொத்தம் 26 பேர் நின்றார்கள், அதில் அவர் ஒருவர். நம் தெருவிலிருந்து, நம் வட்டாரத்திலிருந்து, வேறு யார் நின்றார்கள்? டீக்கடையில் நாடாளுமன்றத்தையே நடத்துகிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறோம். நின்றது அவர் ஒருவர்.

நிற்பது என்றால் என்னவென்று சிரித்தவர்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும், கூடவே இருந்தேன். அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் கையெழுத்து வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும், பட்டியலில் பாகம் எண், வரிசை எண் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். பத்தில் ஒரு கையெழுத்து செல்லாமல் போனாலும் பரிசீலனையில் மனு போய்விடும். அந்தப் பத்துக் கையெழுத்துக்கு அவர் எத்தனை வீடு ஏறி இறங்கினார் என்று நான் பார்த்தேன். “உனக்குக் கையெழுத்துப் போட்டால் எங்க கட்சிக்காரங்க என்ன நினைப்பாங்க” என்று கதவைச் சாத்தியவர்கள் இருக்கிறார்கள். டெபாசிட் 25,000 ரூபாய், அது அவர் கட்டி வந்த சீட்டுப் பணம். பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கக்கூடாது, இல்லாததற்கு ‘இல்லை’ என்று எழுத வேண்டும். அவர் பத்திரத்தில் எத்தனை ‘இல்லை’ தெரியுமா. சொத்து என்று இருந்தது ஒரு வைண்டிங் மெஷின், ஒரு பழைய மொபெட், அம்மா பெயரிலிருந்து வந்த ஓட்டு வீட்டில் மூன்றில் ஒரு பங்கு.

அப்புறம் சின்னம். மனுவில் மூன்று சின்னம் வரிசையாகக் கேட்கலாம். ஸ்விட்ச் போர்டு கேட்டார், தொழில் அதுதானே. குலுக்கலில் வேறொருவருக்குப் போய்விட்டது. மார்ச் 30ல் சின்னம் கையில் கிடைக்கிறது, ஏப்ரல் 17 மாலை பிரசாரம் முடிகிறது, 19ந்தேதி ஓட்டு. பெரிய கட்சிகள் நாற்பது ஐம்பது வருடமாகச் சுவரில் எழுதி வரும் சின்னத்துக்கு எதிராக இவருக்குக் கிடைத்தது பதினெட்டு நாள். இயந்திரத்திலும் அங்கீகாரம் பெற்ற கட்சிகள் முதலில், பதிவு செய்த கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். ஒரு இயந்திரத்தில் 16 பொத்தான்தான் இருக்கும், அதனால் இங்கே இரண்டு இயந்திரம் வைத்தார்கள். அண்ணன் பெயர் இரண்டாவதில் இருந்தது. இரண்டாவது இயந்திரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்தவர்கள் எத்தனை பேரோ.

நம் தொகுதி எப்படிப்பட்டது என்பதையும் யோசியுங்கள். கடலூரில் நிற்பவர் காலையில் கிளம்பினால் பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் எல்லாம் சுற்றிவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். நமக்கு ஒரே எம்.பி., ஆனால் புதுச்சேரி, காரைக்கால், கேரளக் கரையில் தலச்சேரி பக்கத்தில் மாஹே, ஆந்திராவில் காக்கிநாடா பக்கத்தில் யானம். மூன்று மொழி, மூன்று மாநிலத்துக்கு நடுவே துண்டு துண்டாக நிலம். கட்சிக்காரர்களுக்கு அங்கங்கே ஆள் இருப்பார்கள். அண்ணன் ரயிலில் உட்கார்ந்தே மாஹே போனார், நோட்டீஸை மலையாளத்தில் ஒரு நர்ஸ் பெண்ணிடம் எழுதி வாங்கிக்கொண்டு. காரைக்காலுக்கு நான்கு முறை பஸ்ஸில் போனார். யானத்துக்குப் போக முடியவில்லை, பணம் தீர்ந்துவிட்டது. ஒரு தெலுங்கு நோட்டீஸ் கட்டை லாரியில் கொடுத்து அனுப்பினார். இன்றைக்கும் அதைச் சொல்லி வருத்தப்படுவார்.

செலவுக் கணக்கு நான்தான் எழுதினேன், கணக்கு வேலைதானே பார்க்கிறேன். அதற்குத் தேர்தல் அதிகாரி கொடுக்கும் பதிவேட்டில் வெள்ளைத் தாள் தினசரிச் செலவுக்கு, இளஞ்சிவப்பு ரொக்கத்துக்கு, மஞ்சள் வங்கிக்கு. டீ செலவு உட்பட எழுத வேண்டும். நம் தொகுதிக்கு உச்சவரம்பு 75 லட்சம். டெபாசிட் போக அண்ணன் செலவு நாற்பதாயிரத்தைத் தாண்டவில்லை. அதில் ஒரு ரூபாய்கூட யாருக்கும் ஓட்டுக்காகக் கொடுத்ததில்லை. முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்கு கொடுக்காவிட்டால் மூன்று வருடம் வரை தகுதியிழப்பு, தோற்றவருக்கும் அதே சட்டம்தான். தோற்று, ஊரே சிரித்த பிறகும் ரசீதுகளை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஒரு டீ ரசீது காணவில்லை என்று கடைக்காரரிடம் திரும்பப் போய் எழுதி வாங்கி வந்தார். இவரைப் பார்த்தா சிரித்தீர்கள்?

இனி நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும், கமெண்டில் வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

“முதலில் கவுன்சிலருக்கு நிற்கட்டும், எடுத்த எடுப்பில் எம்.பி.யா?” இதைத்தான் படித்தவர்கள் அதிகம் கேட்கிறார்கள். ஐயா, புதுச்சேரியில் கவுன்சிலர் தேர்தல் எங்கே நடக்கிறது? 1968ல் நடந்தது, அப்புறம் 38 வருடம் கழித்து 2006ல் நடந்தது, 2011ல் அவர்கள் பதவிக்காலம் முடிந்தது, அதற்குப் பிறகு நம் வார்டுக்கு என்று ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த ஆளே கிடையாது. உங்கள் பிள்ளைகளில் பலர் வாழ்நாளில் ஒரு வார்டு தேர்தலைப் பார்த்ததில்லை. ஏணியின் முதல் படியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, முதல் படியில் ஏன் ஏறவில்லை என்று கேட்கிறீர்கள். அதுவும் போக, அண்ணன் கேட்டது மாநில அந்தஸ்து. அந்தச் சட்டத்தை நாடாளுமன்றம்தான் போட முடியும். நம் சட்டமன்றம் எத்தனையோ தடவை தீர்மானம் போட்டு அனுப்பியாகிவிட்டது. டெல்லியில் பேச வேண்டிய விஷயத்துக்கு டெல்லிக்குப் போகிற தேர்தலில்தானே நிற்க வேண்டும்?

“ஓட்டைப் பிரிக்கிறார்.” எந்த ஓட்டை? 2024ல் இங்கே ஜெயித்த காங்கிரஸ் வைத்திலிங்கத்துக்கும் அடுத்து வந்த பா.ஜ.க. நமச்சிவாயத்துக்கும் இடைவெளி 1 லட்சத்து 36 ஆயிரத்துக்கு மேல். அண்ணன் வாங்கியது மூன்று இலக்கம். சரி, எல்லா இடத்திலும் அப்படி இல்லை, பக்கத்துச் சிதம்பரத்தில் 2019ல் திருமாவளவன் ஜெயித்தது வெறும் 3,219 ஓட்டில், அங்கே ஒவ்வொரு சுயேச்சை வாங்கிய ஓட்டும் கணக்குதான், அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் என் ஓட்டு உங்கள் கட்சியின் பூர்வீகச் சொத்து இல்லை. பிரிப்பதற்கு அது எப்போது உங்களிடம் இருந்தது?

“டம்மி வேட்பாளர்.” டம்மிகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. 2024ல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது அதே பெயரில் எத்தனை பன்னீர்செல்வங்களை நிறுத்தினார்கள் என்று நாடே பார்த்தது. அதற்கும் அண்ணனுக்கும் என்ன சம்பந்தம்? யாருக்காவது டம்மியாக நிற்பவர் சீட்டுப் பணத்தை எடுப்பாரா?

“விளம்பரம்.” இதற்குப் பதிலே சொல்ல மாட்டேன். கோபம் வருகிறது.

“ஜெயிக்கவே முடியாது என்று தெரிந்தும் எதற்கு?” 2024ல் நாடு முழுக்க ஏழு சுயேச்சைகள் மக்களவைக்குப் போனார்கள். அதில் மூன்று பேர் நம்மைப் போன்ற யூனியன் பிரதேசத்துக்காரர்கள். பாராமுல்லாவில் ஒருவர், லடாக்கில் ஒருவர், டாமன் டையூவில் ஒருவர். மாநிலமாக இல்லாத ஊர்களில் தனியாள் ஜெயிக்கிறான் என்றால் அதற்கு ஏதோ காரணம் இருக்கிறது, நம் ஊர்க்காரர்கள் அதை யோசிக்க வேண்டாமா? பழைய கதையைப் பாருங்கள். 1957ல் தி.மு.க. அங்கீகரிக்கப்பட்ட கட்சி இல்லை, அண்ணாவும் கருணாநிதியும் உட்பட சட்டமன்றத்துக்குப் போன 15 பேரும் தேர்தல் கமிஷன் கணக்கில் சுயேச்சைகள்தான், மக்களவைக்குப் போன இரண்டு பேரும் அப்படித்தான். அதே 1957ல் பக்கத்துக் கடலூரிலேயே சுயேச்சைதான் எம்.பி. ஆனார். ஞாயிற்றுக்கிழமை சிரித்ததில் கறுப்பு சிவப்புத் துண்டுக்காரர்களும் இருந்தார்கள், அதனால் சொல்கிறேன். அண்ணாவும் அண்ணனும் ஒன்றா என்று கேட்காதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. நிற்பவனைப் பார்த்து அன்றைக்கும் சிரித்திருப்பார்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

டெபாசிட் என்கிறீர்களே, அதைத் திரும்ப வாங்கப் பதிவான செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும். இங்கே எட்டு லட்சம் ஓட்டு விழுந்தால் 1,33,000க்கு மேல். பெரிய பெரிய கட்சிக்காரர்களே இழக்கிற டெபாசிட் அது. அவர்களை யாரும் மேடையில் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. துணிச்சல் இருந்தால் கூப்பிட்டுப் பாருங்கள்.

என் அப்பா மில் தொழிலாளி. முதலியார்பேட்டையில் சங்கு ஊதினால்தான் எங்கள் வீட்டில் உலை வைப்பார்கள். 1936 ஜூலை 30ல் துப்பாக்கிச்சூட்டில் செத்துப்போன 12 மில் தொழிலாளிகளைப் பற்றி அவர் வருடா வருடம் சொல்வார், அவருடைய பெரியப்பா அன்று ஊர்வலத்தில் இருந்தவர். எட்டு மணி நேர வேலை சும்மா வரவில்லை என்பார். எங்கள் அப்பாவும் ஒரு தடவை சங்கத் தேர்தலில் தனியாக நின்றார், பதினோரு ஓட்டு வாங்கினார். மறுநாள் ஷிப்டில் அவரைப் ‘பதினொன்று’ என்று கூப்பிட்டார்கள். ரிட்டயர்டு ஆகும்வரை அதுதான் பெயர். வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகையில்கூட ஒரு கூட்டாளி விளையாட்டாக அப்படி எழுதியிருந்தார். அப்பா அந்தப் பத்திரிகையைக் கிழிக்கவும் இல்லை, கல்யாணத்துக்குப் போகவும் இல்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தபோது எனக்கு அந்தப் பத்திரிகைதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை, எழுதிவிடுகிறேன்.

பூத்வாரியாக யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று பிறகு படிவம் 20 வெளியிடுவார்கள். கணக்கு பார்க்கிறவள் என்பதால் நான்தான் எடுத்துப் பார்த்தேன். எங்கள் பூத்தில் அண்ணனுக்கு மூன்று ஓட்டு. அவருக்கு முன்மொழிந்து கையெழுத்துப் போட்ட பத்துப் பேரில் அதே பூத்தில் ஓட்டு உள்ளவர்கள் நான்கு பேர். நான், என் வீட்டுக்காரர், தையல்கார அக்கா, கடைசி வீட்டுத் தாத்தா. அண்ணன் ஓட்டு வேறு பூத்தில். நான் போட்டேன். மீதி மூன்று பேரில் யாரோ ஒருவர் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓட்டைப் போடவில்லை. வெளியாள் யாராவது ஒருவர் போட்டிருந்தால் இன்னும் மோசம். என் வீட்டுக்காரரிடம் இன்றுவரை நான் கேட்கவில்லை. ரகசிய வாக்கு, கேட்கவும் கூடாது. இதை அவரும் படிப்பார்.

யானத்தில், அவர் காலே வைக்காத யானத்தில், எங்கள் பூத்தைவிட அதிகமாக விழுந்திருந்தது. அண்ணனிடம் காட்டினேன். நம் பூத்து எண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. யானத்து வரியில் விரலை வைத்துக்கொண்டு “யாரும்மா இவங்க, ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரணும்” என்றார். நோட்டாவைவிடக் குறைவு என்று சிரித்தீர்களே, நோட்டாவுக்கு அழுத்தப் பத்துக் கையெழுத்தும் வேண்டாம், 25,000மும் வேண்டாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். மூன்று ஓட்டு என்பது அவர் தோல்வி என்று இத்தனை நாள் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவருடையது இல்லை, நம் தெருவுடையது. அவர் நின்றார், நாம்தான் நிற்கவில்லை.

வரும் ஞாயிறு சங்கக் கூட்டம் மறுபடி இருக்கிறது. போர் மோட்டார் பில்லில் இன்னும் பாதி அவருக்குத் தர வேண்டியிருக்கிறது, அதை அன்றைக்காவது கொடுத்துவிடுங்கள். மைக்கில் கூப்பிடும்போது அவருடைய அப்பா பெயரின் முதலெழுத்தோடு, வேட்புமனுவில் இருந்த மாதிரி, முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர் வருவாரா என்று தெரியவில்லை. நான் போய்க் கூட்டி வருகிறேன்.